கன்னம் நிரப்புகிறவன்

இலுப்பூரில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்து கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதணி விழா, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் சீசனுக்குச் சீசன் வரும். சீசன் பார்க்காமல் வருவது கண்ணீர் அஞ்சலிதான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு பேர் தூக்கமில்லாத கண்ணோடு நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர் கையில் ஆதார் கார்டு, இன்னொருவர் கையில் போன். போனில் இருக்கிற படத்தில் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு வாய்க்குள் மடிந்திருக்கும். "கன்னத்த மட்டும் கொஞ்சம் நெரப்பிருங்க. பல்லு இருந்தப்ப இருந்த மாதிரி" என்பார்கள்.

நிரப்புவேன். இருபது வருடமாக நிரப்புகிறேன். கன்ன எலும்புக்குக் கீழே விழுந்திருக்கிற நிழலை வெளுக்க வேண்டும். வாயோரத்தைத் துளி வெளியே இழுக்க வேண்டும். மேலுதட்டைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான், பத்து வயது குறைந்துவிடும். கூட வந்தவர்கள் திரையைப் பார்த்து அழுவார்கள். அழுதால் வேலை சரி என்று அர்த்தம். பிரிண்டுக்கு அனுப்பிவிடுவேன். முகத்தைப் பற்றி நான் படித்த படிப்பு இவ்வளவுதான்: பல் போனால் முகம் போய்விடும்.

இப்படிப்பட்டவனிடம்தான் புதுக்கோட்டைப் பல் டாக்டரம்மா, என் மகளின் வாயைப் பார்த்து முடித்துவிட்டு, கம்பி கட்டுவதற்கு முன்னால் நான்கு பல் எடுக்க வேண்டும் என்று சொன்னார்.

மகளுக்கு அப்போது பதினேழு முடிந்து சில மாதம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கம்பி கட்ட வேண்டும் என்று கேட்டது அவள்தான், நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவளுக்கு முன்பல் வரிசை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உதட்டை மூட வேண்டுமென்றால் முயற்சி செய்து மூட வேண்டும். எடுக்கப்போகும் நான்கும் சொத்தைப் பல் இல்லை. கோரைப்பல்லுக்கு அடுத்தாற்போல் இருக்கிற நல்ல பல், மேலே இரண்டு, கீழே இரண்டு. அந்த இடம் கிடைத்தால்தான் முன்பற்கள் பின்னால் நகரும் என்றார் டாக்டரம்மா.

"அப்ப பஸ்ஸுல நெரிசல்னு நாலு பேர எறக்கிவிடுறீங்க" என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் மனைவி என் தொடையில் கிள்ளினாள். நான் பயந்தால் ஜோக் அடிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு தடவை எனக்கு ஈ.சி.ஜி. எடுக்கும்போது அடித்த ஜோக்கில் நர்ஸ் ஒயரைக் கீழே போட்டுவிட்டார்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து நிதானமாக ஏதேதோ சொன்னார். எலும்பு என்றார், அளவு என்றார். நான் கடைசியாக, முகம் மாறிவிடாதா என்று கேட்டேன். "மாறாதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. மகளுக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். மனைவி பேனாவை எடுத்தாள். நான் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவருவதாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்ன முதல் தாள் அது.

பத்து நாள் அந்தத் தாள் பையிலிருந்து பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பத்து நாளில் நான் செய்ததையெல்லாம் எழுதினால் குடும்பத்துக்கு அவமானம். இருந்தாலும் எழுதுகிறேன். போனில் யாரோ ஒரு வெள்ளைக்கார இளைஞன், பல்லைப் பிடுங்கியதால் தன் முகமே கெட்டுவிட்டது என்று சொல்லும் வீடியோவைப் பார்த்தேன். அவன் பேசிய இங்கிலீஷில் எனக்குப் பாதிக்குமேல் புரியவில்லை. முன்னால், பின்னால் என்று இரண்டு படம் காட்டினான். அதை அப்படியே நம்பிவிட்டேன். முதல் படத்தில் முகத்துக்கு நேரே வெளிச்சம். இரண்டாவதில் விளக்கு தலைக்கு மேலே. முதலில் தாடி இருந்தது, இரண்டாவதில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு இதே வித்தையை ஊருக்கெல்லாம் செய்கிறவன் நான். எனக்கே அது கண்ணில் படவில்லை. ஒரு வீடியோவைப் பார்த்ததால் போன் எனக்கு அதே மாதிரி இன்னும் நாற்பது காட்டியது. எல்லாவற்றையும் பார்த்தேன்.

அப்புறம் பார்க்கிறவர்களின் கன்னத்தையெல்லாம் அளக்க ஆரம்பித்தேன். பேங்க்கில் ஒரு பெண்ணுக்குப் பல்லில் கம்பி இருந்தது. டோக்கனை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே இங்கிட்டும் அங்கிட்டும் சாய்ந்து பார்த்ததில், அவர் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிட்டார். பல் பற்றிய சந்தேகம் என்று விளக்கினேன். நிலைமை இன்னும் மோசமானது. வீட்டில் சாப்பிடும்போது மகள் பக்கவாட்டில் திரும்பினால் அளக்க என் சுண்டுவிரல் தன்னால் எழும். மூக்கு நுனிக்கும் தாடைக்கும் நடுவே கண்ணால் ஒரு கோடு போடுவேன். என்னப்பா என்று கேட்பாள். ஈ என்று சொல்லிவிடுவேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

ஒருநாள் வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. எண்பது தாண்டிய பெரியவர். வாயில் ஒரு பல் இல்லை. வழக்கம்போலக் கன்னத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நிரப்புவதற்கு முன்பும் பின்பும் மாற்றி மாற்றிப் பார்க்கையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதைத் திருப்பிச் செய்தால் என்ன? மகளின் கல்லூரி அட்மிஷன் போட்டோ என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதை எடுத்து, பெரியவருக்குச் செய்வதையெல்லாம் தலைகீழாகச் செய்தேன். கன்னத்தில் நிழல் போட்டேன். உதட்டை உள்ளே தள்ளினேன். வாயோரத்தைக் கீழே இறக்கினேன். பழகிய கை. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, திறந்திருந்த அதே ஃபைலில் பெரியவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

பார்த்தேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. ஒரு டீ குடித்தால் சரியாகும் என்று எதிர்க்கடைக்குப் போனேன். கடையைப் பூட்டவில்லை. திரையை மூடவில்லை.

அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்க மகள் கல்லூரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்திருக்கிறாள். நான் டீ கிளாஸோடு திரும்பிப் பார்த்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. முதுகுக்கு அந்தப் பக்கம் திரை. மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் அந்தப் பெரியவர், அவருக்குப் பக்கத்தில் பல் போன முகத்தோடு என் மகள்.

ஓடிப்போய்த் திரையின் சுவிட்சை அணைத்தேன். ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போதும் ஞாபகத்துக்கு வரவில்லை, வராதது நல்லது. அவள் பையை எடுத்துக்கொண்டு, பிரிண்ட் அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயந்திரம் அம்மாவிடம், கம்பி வேண்டாம், கல்லூரி முதல் வருஷம், அலைச்சலாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். மனைவி என்னிடம் வந்து சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் பழைய பில் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டேன்.

என் மனைவி ஒன்றியப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் சொல்லும் காரணத்துக்கும் உண்மையான காரணத்துக்கும் உள்ள தூரத்தை அளப்பதில் இருபது வருட சர்வீஸ். மூன்றாம் நாள் மகளிடமிருந்து விஷயத்தை வாங்கிவிட்டாள். என்னிடம் அவள் சத்தம் போடவில்லை. சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள்.

"உசுரோட இருக்க பொண்ண அஞ்சலி போஸ்டர்ல வச்சுப் பாத்திருக்கீங்க."

அளவு பார்ப்பதற்காக என்றேன்.

"எதுக்கு அளவு?"

குழம்பில் உப்பில்லை. அதையும் சொல்லவில்லை.

அடுத்த நாள் மகள் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்தே தயாராகியிருந்தேன். வாய் திறந்ததும் வந்தது, நாலு பல்லுக்குப் பதிலாக என் பல்லை நாற்பதாகப் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்கிற மாதிரி ஏதோ கோமாளித்தனம். அவள் கையை உயர்த்தினாள்.

"அப்பா, சிரிக்க வைக்காதீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கம்பி கட்டணும்னு எனக்கு எப்பத் தோணுச்சு தெரியுமா? என் சடங்கு பேனர்லதான்."

அவள் பெரியவளானபோது சடங்கு மண்டபத்து வாசலுக்குப் பன்னிரண்டடிக்கு எட்டடியில் நானே பேனர் அடித்தேன். தெருமுனையில் இன்னொன்று. என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எந்த பேனரும் செய்ததில்லை. நிறத்தைக் கொஞ்சம் தூக்கினேன். பல் வரிசையை உள்ளே தள்ளி, உதட்டை அழகாக மூடி, ஒரு சின்னச் சிரிப்பு வைத்தேன். எல்லாருக்கும் செய்வதுதான், சொந்த மகளுக்குச் செய்ய மாட்டேனா? வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா என்று இன்று யோசித்துப் பார்க்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"வாசல்ல எல்லாரும் மொதல்ல பேனரப் பாப்பாங்க. அப்புறம் உள்ள வந்து என்னப் பாப்பாங்க. ரெண்டாவது பாக்கும்போது எல்லாருக்கும் மொகம் மாறும்ப்பா. ஒக்காந்த எடத்துல இருந்து நான் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தாளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பாவே மாத்தணும்னு நெனக்கிற அளவுக்கு இருக்குபோலன்னு நெனச்சேன். இப்ப நானா மாத்திக்கிறேன்னா, கெட்டுப்போயிரும்னு நீங்களே படம் போட்டுக் காட்டுறீங்க. எந்த மொகம் எப்புடி ஆகும்னு ஒங்களுக்குத்தான் தெரியும். எனக்கு பயமா இருக்கு."

அவள் போன பிறகு அன்று ஆர்டர் எதையும் நான் முடிக்கவில்லை.

சிரிக்கும்போது அவள் வாயைத் துப்பட்டாவால் மறைப்பாள். வயசுப் பெண், அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவளைச் சிரிக்க வைப்பதுதான் என் முழுநேர வேலை. அத்தனை வருடமும் நான் சிரிக்க வைத்திருக்கிறேன், அவள் மறைத்திருக்கிறாள். நான் ஒரு தடவையும் ஏன் என்று கேட்டதில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பல் என்னுடையது. என் வாயும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தேங்காய்த் துருவி என்று பெயர். பிறர் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துவிட்டால் வலி குறைகிறது என்பதை ஏழாம் வகுப்பில் கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. மகள் பிறந்து, பல் முளைத்து, விழுந்து, திரும்ப முளைத்தபோது பார்த்தவர்களெல்லாம் அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு ஆசை. என்னிடம் இருக்கும்போது கேலியாக இருந்தது, அவளிடம் போனதும் எனக்குப் பெருமையாகிவிட்டது. அவளிடம் அது என்னவாக இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கன்னம் ஒட்டிவிடும் என்று பத்து நாள் நான் துடித்ததில் பாதிதான் கன்னத்துக்காக. மீதிப் பாதி, என் சாயல் அவளிடமிருந்து போய்விடுமே என்பதற்காக. அதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை.

டாக்டரம்மாவிடமே நேராகக் கேட்டுவிடலாம் என்று சொல்லி, சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கன்னம் ஒட்டியதாக நான் செய்த படத்தை வேறு எடுத்துப்போயிருந்தேன், வெறும் முகம் மட்டும், விளக்கெல்லாம் எடுத்துவிட்டு. தயங்கித் தயங்கிக் காட்டினேன். என் தொழில் என்னவென்றும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

நன்றாகச் செய்திருக்கிறீர்கள், ஆனால் இது வேறு நோய் என்றார். பெரியவர்களுக்கு எல்லாப் பல்லும் போய்விடுகிறது. பல்லைத் தாங்கிய தாடையெலும்பும் நாளாக நாளாகக் கரைகிறது. அதனால்தான் வாய் உள்ளே விழுகிறது. இங்கே எடுக்கிற இடம் காலியாகக் கிடக்காது, பக்கத்துப் பற்கள் நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும். கன்னம் இந்த நாலு பல்லின் மேல் நிற்கவில்லை. தேவையில்லாதவர்களுக்கு எடுத்தால் உதடு தட்டையாகிவிடுவதும் உண்டு, அதனால்தான் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்த்த பிறகு சொல்கிறேன் என்றார். பிறகுதான் தெரிந்தது, இதையெல்லாம் அவர் முதல் தடவையே சொல்லியிருந்தார்.

நான் பழைய கேள்வியையே திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை காதைத் திறந்து வைத்திருந்தேன்.

"மாறாதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். ஒதடு உள்ள போகும். வாய் தன்னால மூடும். நூலளவுக்கு இவ்வளவுதான்னு யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனா அந்த மாத்தத்துக்குத்தான ஒங்க பொண்ணு வந்திருக்கு?"

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பி, உனக்கு வேண்டுமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே, வேணும் மேடம் என்றாள்.

மடித்து மடித்து நைந்துபோயிருந்த தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் வாரம் வலப்பக்கம் இரண்டு, அடுத்த வாரம் இடப்பக்கம் இரண்டு. முதல் நாள் உள்ளே அவள் தைரியமாகப் படுத்திருந்தாள். வெளியே பெஞ்சில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே வேலை பார்க்கிற பெண் தண்ணீர் கொடுத்து, தலையைக் குனிந்து உட்காரச் சொன்னார். மகள் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தபோது நான் முழங்காலுக்கு நடுவே தலையை வைத்திருந்தேன். வண்டியில் திரும்பும்போது அவளால் பேச முடியாது, எனக்குப் பேச வாய் வரவில்லை. அன்னவாசல் வரைக்கும் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அங்கே அவள் பின்னாலிருந்து என் தோளில் தட்டி, போனில் எழுதிக் காட்டினாள்: ஏன் அமைதியா வர்றீங்க, பயமா இருக்கு, ஏதாவது பேசுங்க.

பேசினேன். வீடு வரை.

கம்பி இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. மாதாமாதம் முறுக்குவார்கள். முறுக்கிய அன்றைக்கு ரசஞ்சோறுதான். பல் எடுத்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் குறைந்தது. கன்னம் கன்னமாகவே இருந்தது. உதடு உள்ளே போனது. இரண்டாம் வருடத்தில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவளுக்காகக் காத்திருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக இறங்கினார்கள். பக்கவாட்டில் திரும்பி நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, நம்ம பிள்ளை இன்னும் இறங்கவில்லையே என்று அடுத்த பஸ்ஸைப் பார்த்தேன். அப்பா என்று கூப்பிட்டது அந்தப் பெண்தான். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் விசேஷ வீடுகளில் அவளைப் பார்க்கிறவர்கள் அம்மா சாயல் என்கிறார்கள். மனைவி புடவையைச் சரிசெய்துகொள்வாள்.

கம்பி கழற்றிய அன்று டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே விளக்கு, ஒரே கோணம். நான் குறை கண்டுபிடிக்க முயன்று தோற்றேன். மகள் நாற்காலியின் நுனிக்கு வந்து புதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது பழைய படத்தை. மூட முடியாத அந்த வாயை. என் கம்ப்யூட்டரில் அவளுடைய படங்கள் எத்தனையோ கிடக்கின்றன, எல்லாவற்றிலும் என் கை பட்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கை படாத ஒன்று கூட என்னிடம் இல்லை.

அந்தப் பழைய படம் எனக்குக் கிடைக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அத அவங்கள்ட்ட கேளுங்க. அவங்க படம்" என்றார்.

மகளிடம் திரும்பினேன். அந்தப் படத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவள் திரையில் இரண்டையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள்.

"வச்சுக்கங்கப்பா" என்றாள். "ஆனா எதயும் தொடாதீங்க."

சரி என்றேன்.